கண்ணாடியில் வரைந்த ஆறு

தலவாக்கலை பஜாரில் நாங்கள் நடத்துவது படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை. என் கணவரின் அப்பா தொடங்கியது. சாமி படம், கல்யாணப் படம், காலமானவர்களின் படம், பிள்ளைகள் வாங்கிய சான்றிதழ் என்று வருவதெல்லாம் அநேகமாக ஒரே அளவுகளில்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடி வெட்டிவிடலாம். அதனால், போன பெருமழை முடிந்து பாதைகள் திறந்த பிறகு ஒருநாள், ஒரு சிங்கள மாத்தயா ஆளுயர பிளாஸ்டிக் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தபோது, என்னவோ புதிதாக வந்திருக்கிறது என்று நானே எழுந்து போனேன்.

பூண்டுலோயாப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு தொரை பங்களாவை எடுத்து ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார் அவர். கூரையைப் பிரித்தபோது பரணில் மூன்று பழைய மேப் கிடைத்ததாம். சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்ட வேண்டும் என்றார்.

"கவனமா செய்ங்க அக்கா, தொட்டா உதிருது," என்று பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மேசையிலிருந்த முருகனையும் லட்சுமியையும் ஒதுக்கி வைத்துவிட்டு முதல் மேப்பை விரித்தேன். தாளின் முதுகில் துணி ஒட்டியிருந்தது. ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. ஆண்டு எழுதியிருந்த மூலையும் அதோடு போயிருந்தது. ஆனால் நடுவில் நிறங்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு தேயிலை மலைக்கும் ஒரு நிறம், ஒரு நம்பர். கொழுந்தை அரைக்கும் தேயிலை ஸ்டோர் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம். இரண்டு சரிவுகளுக்கும் நடுவே நீல மையில் ஓர் ஆறு. ஆற்றை ஒட்டிச் சின்னச் சின்னதாக மூன்று சிவப்புக் கட்டங்கள். பக்கத்தில் 'லைன்ஸ்' என்று ஆங்கிலத்தில் சாய்வாக எழுதியிருந்தது.

அந்தக் கட்டங்களில் ஒன்றின் மேல் விரலை வைத்தேன். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். அது நான் பிறந்த லயம்.

பூண்டுலோயாப் பாதையிலிருந்து கீழே இறங்கினால் வரும் ஆற்றங்கரைதான் எங்கள் ஊர். வரிசை வீடுகளாக மூன்று லயங்கள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பள்ளிக்கூடம், தண்ணீர் பிடிக்க ஒரு பீலி. ஆற்றுக்குக்கூடத் தனிப் பெயர் கிடையாது. நான் படித்த பள்ளிக்கூட அட்லஸில் தலவாக்கலை ஒரு புள்ளியாக இருந்தது. எங்கள் ஆறு இல்லவே இல்லை. இப்போது போனில் தேடினாலும் அந்த இடம் முழுக்க வெறும் பச்சையாகத்தான் வருகிறது. ஆனால் எப்போதோ ஒரு சர்வேயர் அந்தச் சரிவில் சங்கிலி இழுத்து நடந்திருக்கிறார், எங்கள் லயத்தை அளந்திருக்கிறார், சிவப்பு மையில் தூரிகையைத் தொட்டு அதை வரைந்திருக்கிறார். எனக்கு உட்காரவே முடியவில்லை.

"என்னாம்மா, அளவு எடுக்கிறியா, படம் பாக்கிறியா?" என்றார் கணவர்.

"இங்க வந்து பாருங்க. இது எங்க லயம்."

"எல்லாத் தோட்டத்திலயும் ஆறும் லயமும் இருக்கத்தானே செய்யும்."

"ஸ்டோருக்கு நேர் கீழ இந்தப் பாறைய பாருங்க. மூணு மூலையா இருக்குல்ல? நாங்க துணி காயப்போட்ட பாறை. நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப வழுக்கி விழுந்தீங்களே, அதே பாறை."

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். பிறகு போய்க் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மற்ற இரண்டையும் அதே மூச்சில் விரித்தோம். இரண்டாவது, கொஞ்சம் பிந்திய காலத்து மேப். மூன்றாவது, தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு போட்டது. அதில் நிறமே இல்லை, கறுப்புக் கோடுகள் மட்டும். மூன்றிலும் ஸ்டோர் ஒரே இடத்தில் இருந்தது, பாறையும் இருந்தது. லயங்களில் ஒன்று மட்டும் சற்றுத் தள்ளிப் போயிருந்தது. ஆனால் ஆறு மூன்றிலும் ஒரே மாதிரி இல்லை.

நான் அறிந்த ஆறு ஸ்டோருக்குக் கீழே நேராக ஓடும். முதல் மேப்பில் அது வயிறு தள்ளினாற்போல ஒரு பெரிய வளைவு வளைந்து, ஏழாம் நம்பர் மலையின் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. வரைந்தவர் தப்பாக வரைந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாவது மேப்பில் எதிர்ச் சரிவில் பென்சில் கோடுகளாகக் கிறுக்கி, மண் சரிந்த இடம் என்று குறித்திருந்தார்கள். அதற்குக் கீழே ஆறு நேராக ஓடியது. பழைய வளைவு வெறும் புள்ளிகளாக இருந்தது. மூன்றாவதில் அந்தப் புள்ளிகளும் இல்லை. வளைவு இருந்த இடத்தில் தேயிலை போட்டிருந்தார்கள்.

"மல சரிஞ்சு ஆத்த தள்ளிவிட்டிருக்கு," என்றேன். என் குரல் எனக்கே உயர்ந்து கேட்டது. எங்கள் அம்மாவோ அப்பாவோ இப்படி ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். அவ்வளவு பழைய சங்கதி.

"ஏழாம் நம்பர் மலைன்னா," என்று மெதுவாக ஆரம்பித்தார் கணவர், "உங்க அண்ணன் போன்ல அனுப்பினது அதுதானே?"

அதுதான். பெருமழையின்போது ஆற்று வெள்ளம் லயங்களுக்குள் ஏறிப் பின்சுவர்களை வெடிக்க வைத்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அங்கே இனிமேல் குடியிருக்க முடியாது. எல்லாக் குடும்பங்களும் பள்ளிக்கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி கொடுத்துத் தனி வீடு கட்டித் தருவதாகப் பேச்சு நடந்தது. எங்கள் அண்ணன் தோட்டத் தொழிலாளர்களின் தலைவர். தோட்டத்தை நடத்தும் தொரையிடமும் பிரதேச செயலகத்திலும் நடையாக நடந்து, ஏழாம் நம்பர் மலை அடிவாரத்தில் இருக்கும் சமதரையை வாங்கிவிட்டார். வீடுகளைக் கட்டம் கட்டமாகப் போட்ட பிளான்தான் சில நாள் முன்பு என் போனுக்கு வந்திருந்தது. கூடவே அவர் குரல்: "பாத்தியா தங்கச்சி, நம்ம சனத்துக்குச் சமதரையில வீடு." சரிவிலேயே பிறந்து சரிவிலேயே வேலை செய்கிறவர்களுக்குச் சமதரை என்பது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

ஹோட்டல்காரருக்கு உடனே போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பிரதி எடுங்க அக்கா, எத்தன வேணும்னாலும் எடுங்க. என்ன நடந்ததுன்னு எனக்கும் சொல்லுங்க," என்றார். மறுநாள் இரண்டு பேருமாக நுவரெலியாவுக்குப் போய், பிளான் பிரதி எடுக்கும் கடையில் மூன்றையும், அண்ணனுடைய பிளானையும் எடுத்தோம். அதிலும் ஸ்டோரும் பாறையும் குறித்திருந்தது. ஸ்டோருக்கும் பாறைக்கும் உள்ள தூரம் நான்கிலும் ஒன்றாக வரும்படி பெரிதாக்கியும் சிறிதாக்கியும் தரச் சொன்னேன். கடைக்காரப் பையன் பொறுமையாக மறுபடி மறுபடி எடுத்துக் கொடுத்தான்.

ஆனால் தாளின் மேல் தாளை வைத்தால் அடியில் இருப்பது தெரியவில்லை. ஜன்னலில் ஒட்டிப் பார்த்தேன், சரிப்படவில்லை. கணவர்தான் சொன்னார்: "கண்ணாடிக் கடைய வச்சுக்கிட்டு ஜன்னலத் தேடுறியே. கண்ணாடியில வரைஞ்சு பாரேன்."

ஒரே அளவில் மூன்று துண்டு வெட்டினேன். முதல் மேப்பின் பிரதி மேல் ஒரு கண்ணாடியை வைத்து, நீல மார்க்கரால் ஆற்றை வரைந்தேன். ஸ்டோருக்கும் பாறைக்கும் ஒவ்வொரு புள்ளி. இரண்டாவதற்குப் பச்சை. மூன்றாவதற்குக் கறுப்பு. பிறகு அண்ணனின் பிளானை மேசையில் விரித்து, நீலக் கண்ணாடியை இரு கையாலும் பிடித்து, புள்ளிக்குப் புள்ளி பொருந்தும்படி மெல்ல இறக்கினேன்.

வீடுகளில் பாதிக்கு மேல் ஆற்றுக்குள் இருந்தன.

கணவர் "முருகா" என்றார், அவ்வளவுதான். நான் பச்சையையும் கறுப்பையும் அதன் மேலேயே அடுக்கினேன். ஓர் ஆறு மூன்று நிறத்தில் ஒன்றை விட்டு ஒன்று விலகி ஓடியது. பயப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த நிமிஷத்தில் சந்தோஷம்தான் பொங்கியது. காகிதத்தில் செத்துக் கிடந்த ஓர் ஆறு என் கைக்குக் கீழே நகர்ந்துவிட்டது. யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும் போலிருந்தது.

அடுத்த பௌர்ணமிப் போயா லீவன்று, கண்ணாடிகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னவென்று கேட்டார். ஆறு என்று சொல்ல வாயெடுத்தேன். சாமி படம் என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டேன்.

அண்ணன் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றார். கோயில் மண்டபத்தில் பிளானை விரித்து, கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினேன். பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சுற்றி வந்துவிட்டார்கள். இன்னொரு பெருமழை வந்தால் ஆறு பழைய வழிக்கே திரும்பும் என்று நான் சொல்லச் சொல்ல அண்ணனின் முகம் இறுகிக்கொண்டே போனது.

"முடிச்சிட்டியா?" என்றார்.

"முடிச்சிட்டேண்ணே."

"எத்தன ஆபிஸ் ஏறி இறங்கி வாங்கின எடம் தெரியுமா இது? இப்ப போயி வேணாம்னு சொன்னா, வேற எடம் குடுப்பாங்கன்னா நெனைக்கிற? வேணாம்னு நீங்கதானே சொன்னீங்கன்னு கைய விரிச்சிருவாங்க. இந்தச் சனத்துக்கு நீயா பதில் சொல்லுவ?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒருவர் "வெள்ளைக்காரன் கோடு போட்டது, எவ்வளவு நெசமோ" என்றார். இன்னொருவர், தான் பிறந்ததிலிருந்து அங்கே ஆறு இருந்ததில்லை என்றார்.

அப்போது பின்னால் நின்ற அண்ணி முன்னால் வந்தார். அண்ணி கொழுந்து பறிக்கிறவர். அதிகம் பேசமாட்டார். மேப்பைக்கூட அவர் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தார்.

"ஏங்க, நம்ம கரகம் ஏன் மொதல்ல ஏழாம் நம்பர் மலைக்குள்ள போவுது?"

எல்லாரும் அண்ணியின் பக்கம் திரும்பினார்கள்.

அம்மன் திருவிழாவுக்குக் கரகத்தைச் சோடித்துப் பாலிப்பது என்றால் ஆற்றங்கரையில்தான். எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆனால் எங்கள் ஊரில் மட்டும், ஆற்றுக்குப் போவதற்கு முன்னால், பறை அடித்துக்கொண்டு ஏழாம் நம்பர் மலையின் அடிக்குப் போவோம். அங்கே ஒரு தட்டைக் கல் கிடக்கும். அதில் சூடம் கொளுத்தி, செம்பில் கொண்டுபோன தண்ணீரைத் தெளித்துவிட்டு, பிறகுதான் ஆற்றுக்கு இறங்குவோம். தேயிலைச் செடியை மிதிக்கிறோம் என்று கணக்கப்பிள்ளை ஒவ்வொரு வருஷமும் சத்தம் போடுவார். ஏன் அங்கே போகிறோம் என்று கேட்டால், வழக்கம் என்பார்கள். நானும் சின்ன வயதில் மாவிளக்கைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ முறை போயிருக்கிறேன். மூன்று மேப்பையும் நாள் கணக்கில் பார்த்தும் எனக்கு அது தோன்றவில்லை.

நீலக் கண்ணாடியை எடுத்து, அந்தக் கல் இருக்கும் இடம் எதுவென்று அண்ணனிடம் கேட்டேன். அவர் குனிந்து, ஸ்டோரிலிருந்து விரலை நகர்த்திக் கொண்டுவந்து ஓரிடத்தில் நிறுத்தினார். விரல் நீலக் கோட்டின் கரையில் நின்றது. அவர் விரலை எடுக்கவேயில்லை.

"ஆறு போனாலும் நம்ம ஆளுங்க எடத்த விடலியே," என்றார் கடைசியில், தனக்குத்தானே சொல்வதுபோல.

பிறகு யாரும் மண்டபத்தில் நிற்கவில்லை. அண்ணன் நீலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, ஊரே ஏழாம் நம்பர் மலைக்கு இறங்கியது. வளைவு தொடங்கும் இடத்திலிருந்து நடந்தோம். தெரிந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. தேயிலை நிரை அங்கே ஒரு தொட்டிபோல் பள்ளமாக இருந்தது. அந்தப் பள்ளத்தில் மட்டும் செடிகள் குட்டையாக, மஞ்சள் பாரித்து நின்றன. அங்கே எப்போதும் கொழுந்து கம்மி என்றாள் அண்ணியோடு வேலை செய்யும் ஒருத்தி. பெருமழைக்கு அந்தப் பள்ளத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றதாக இன்னொருத்தி சொன்னாள். ஒவ்வொருவரும் ஒன்று கண்டுபிடித்தார்கள். "இங்க வந்து பாருங்க, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனது. இல்லாத ஆற்றின் கரையைப் பிடித்துக்கொண்டே அடுத்த முனைவரை போய்விட்டோம்.

திரும்பும்போது அண்ணன் என்னிடம், "மண்ண பாக்க ஆபிஸ்ல இருந்து வராங்க. இந்தக் கண்ணாடிய நான் வச்சுக்கிறேன்," என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது.

மண்ணைப் பார்க்க வந்தவர் ஓர் இளம் சிங்களப் பெண். முழங்கால்வரை பூட்ஸ், கையில் ஒரு டேப்லட். அன்று நானும் போயிருந்தேன். கெடுபிடியாகப் பேசுவார், கண்ணாடியையெல்லாம் ஓரமாக வைக்கச் சொல்வார் என்று எண்ணி, சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மேப்பின் பிரதியை விரித்ததும் அவர் பூட்ஸோடு தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் மேப்பின் மேல் அவர் விரல் போன விதத்தைப் பார்த்ததும், இவரும் நம்மைப் போல ஒரு பைத்தியம்தான் என்று தெரிந்துவிட்டது.

"இது எங்க இருந்தது அக்கே?" என்று கேட்டார். பங்களாப் பரண் என்றேன். தங்கள் அலுவலகத்தில் இவ்வளவு பழைய மேப் இந்தப் பக்கத்துக்கு இல்லவே இல்லை என்றார். நான் சிங்களமும் அவர் தமிழுமாகப் பேசிக்கொண்டோம். கண்ணாடியைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, மலையையும் கோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு எழுந்து, பாதை வெட்டுவதற்காக வந்து நின்ற, மண் தோண்டும் பெக்கோ மெஷினின் டிரைவரைக் கூப்பிட்டு, வளைவின் நடுவில் ஓரிடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார்.

முதலில் வெறும் செம்மண் வந்தது. இன்னொரு வாளி, அதுவும் செம்மண். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு எதற்காக வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. ஆறு இருக்க வேண்டும் என்றா, இருக்கக் கூடாது என்றா?

மூன்றாவது வாளியில் மண்ணின் நிறம் மாறியது. சாம்பல் நிற மணல். அடுத்ததில் கல் உருளும் சத்தம். டிரைவர் வாளியைக் கவிழ்த்தார். ஆற்றில் கிடக்கும் அதே கூழாங்கற்கள், வழுவழுவென்று, முட்டை முட்டையாக. குழியின் அடியில் தண்ணீர் கசிந்து சேர ஆரம்பித்தது.

அந்தப் பெண் குழிக்குள் இறங்கி, ஒரு கல்லை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"மே கங்கம தமய் அக்கே," என்றார். இது ஆறேதான், அக்கா.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. ஏன் சிரித்தோம் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கென்று வாங்கிய இடம் கையைவிட்டுப் போகிறது, நாங்கள் சிரிக்கிறோம். அவரவர் ஒரு கல்லைப் பொறுக்கி உருட்டி உருட்டிப் பார்த்தார்கள். அண்ணன் ஒரு கல்லை எடுத்து எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் போட்டுப் பிடித்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் நேராகக் கேட்டார்.

"மிஸ், இந்த எடம் ஆகாதுன்னு நீங்க எழுதிட்டுப் போயிருவீங்க. எங்க சனம் பள்ளிக்கூடத்திலேயே கெடக்கணுமா?"

அவர் டேப்லட்டில் எதையோ பெரிதாக்கி, மறுபடியும் பழைய மேப்பில் தேடினார். அப்புறம் ஸ்டோருக்கு மேலே, தேயிலை நாற்று வளர்த்த பழைய தவறணை இருந்த பக்கத்தைக் காட்டினார். மூன்று மேப்பிலும் அந்த இடம் மாறாமல் இருக்கிறது, சரிவு இருந்தாலும் மண் இறுக்கம், இந்த மழைக்கும் அசையவில்லை என்றார். "ஆகாது என்று மட்டும் எழுதமாட்டேன். எது ஆகும் என்றும் சேர்த்து எழுதுகிறேன்," என்று சிங்களத்தில் சொன்னதை நான் எல்லாருக்கும் தமிழில் சொன்னேன்.

அவ்வளவு சுலபமாக முடியவில்லை. தவறணைக் காணியைத் தரத் தொரை இழுத்தடித்தார். அண்ணன் மறுபடியும் ஆபிஸ் ஆபிஸாக ஏறினார். ஆனால் இந்த முறை கையில் கண்ணாடியோடு. நானும் இரண்டு மூன்று தடவை கூடப் போனேன். எங்கே போனாலும் அதிகாரிகள் முதலில் அந்தக் கண்ணாடியைத்தான் வாங்கிப் பார்த்தார்கள். பார்த்தவுடன் தங்கள் ஊர் ஆற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர்களும் உண்டு. அலைந்து அலைந்து, கடைசியில் தவறணைக் காணி கிடைத்தது.

இடம் பிரித்து முளையடித்த அன்று கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேருமே போனோம். குடம் ஒன்றில் நம்பர் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். அண்ணனுக்கு மேல் வரிசையில் ஓர் ஓரத்து இடம் விழுந்தது. ஏறிப் போய்ப் பார்த்தோம். கொஞ்சம் சரிவுதான். மண்ணை வெட்டிச் சமப்படுத்த வேண்டியிருக்கும். கீழே ஆறு நேராக, வெயிலில் மின்னிக்கொண்டு ஓடியது.

அண்ணன் முளைக் குச்சிகளை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு நான்கு முளைகளுக்கும் நடுவில் போய் நின்றார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். பிறகு ஒரு மூலைக்கு நடந்துபோய்க் காலால் தரையில் ஒரு கோடு இழுத்தார்.

"அடுப்பு இந்தப் பக்கம்," என்றார். "காத்து அங்கிட்டிருந்து வருது. பொக வீட்டுக்குள்ள வராது."

"அப்ப வாசல்?" என்றேன்.

"இரு, யோசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, அடுத்த மூலைக்கு நடந்தார்.